சும்மா இருக்கப் பழக வந்தவர்

சும்மா இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் குற்றாலிங்கம் மேலப்பொட்டலுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று.

பாளையங்கோட்டையில் பேருந்துப் பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் ஒற்றை ஆள். ஆடி மாதத்து விடிகாலை ஒன்றில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பால்காரம்மா வந்து கதவைத் தட்டும் வரைக்கும் ஈரத் தரையில் கன்னம் பதிந்தபடி கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றோடு அவர் சொல் எதுவும் அந்த வீட்டில் எடுபடாமல் போயிற்று.

மகன் குமார் புனேயிலிருந்து பறந்து வந்தான். கூடத்தில் ஒரு கேமராவை மாட்டினான். சமையலறையில் இன்னொன்று. சைக்கிளை யாருக்கோ தூக்கிக் கொடுத்தான். மாடிப்படிக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டினான். சமைக்க ஆள் வைத்தான். பிறகு புனேக்குப் போய் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா ஸ்டூல்ல ஏறுனீங்க?"

"பல்பு போயிட்டு."

"போனாப் போகட்டும். நீங்க சும்மா இருங்க."

கேட்டைத் திறந்தாலும் அதுதான், தோசைக்கரண்டியைத் தொட்டாலும் அதுதான். சும்மா இருங்கப்பா. மகன் குரலில் கோபம் இருந்திருந்தால் குற்றாலிங்கம் பதிலுக்குக் கத்தியிருப்பார். அதில் பயம்தான் இருந்தது. பயத்தோடு சண்டை போட அவருக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும் புனேக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பதினான்காவது மாடி. சன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. "அங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லப்பா. சும்மா இருக்கலாம்." குற்றாலிங்கம் சரி என்றார். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று பிறகு வெகுநேரம் யோசித்தார்.

யோசித்ததில் ஒன்று தோன்றியது. சும்மா இருப்பது என்ன லேசான காரியமா? அதற்காகவே காடு மலை என்று போனவர்கள் உண்டு. மிச்சமிருக்கிற காலம் முழுவதும் அதுதான் என்றால், தெரியாத்தனமாகச் செய்வதைவிட முறையாகக் கற்றுக்கொண்டு செய்யலாமே. மலையடிவாரத்தில் மேலப்பொட்டல் என்று ஒரு ஊர். அங்கே மாசிலாமணி என்றொரு குருநாதர் சிறிய மடம் ஒன்று வைத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். ஊரார் சாமி என்பார்கள். பொங்கல் வரைக்கும் அங்கே போய் இருக்கிறேன் என்று கேட்டபோது குமாருக்கும் சந்தோஷம்தான்.

"மடம்னா நல்லதுப்பா. ஒரு எடத்துல உக்காந்திருப்பீங்க."

மடம் சாத்தியிருந்தது. பக்கத்து வாசலில் மிளகாய் வற்றல் உலர்த்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாமியா? காலைல இங்கதான் சும்மா உக்காந்திருந்தாரு. ரேசன் கடைப் பக்கம் போய்ப் பாருங்க."

ரேசன் கடையில், இப்பத்தான் போறாரு என்றார்கள். டீக்கடையில், சலூனில் சத்தம் கேட்குதா பாருங்க என்றார்கள். சத்தம் கேட்டது. சலூன் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, மலையில் இன்று மழை இறங்குமா இறங்காதா என்று சாமி முடிதிருத்துபவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையில் வெட்டுவதற்கு ஒரு மயிரும் கிடையாது.

"உங்களத்தான் சாமி தேடிக்கிட்டு வாறேன்."

"தேடுற அளவுக்கு நான் தொலையலியே தம்பி."

எழுபத்தொரு வயதில் தம்பி என்று அழைக்கப்பட்டதைக் குற்றாலிங்கம் விழுங்கிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சும்மா இருக்கக் கத்துத் தரணும் சாமி."

முடிதிருத்துபவரின் சவரக்கத்தி நின்றது.

"யாருக்கு? உனக்கா? என்ன வயசு?"

"எழுவத்தொண்ணு."

"இந்தச் சின்ன வயசுல அதுக்கு என்ன அவசரம்?"

முடிதிருத்துபவர் சிரித்தார். முகத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த ஆளும் சிரித்தான். குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் சாமியும் சிரிப்பை நிறுத்தினார்.

"கஷ்டமான படிப்பு தம்பி அது. எடுத்த எடுப்புல வராது. முதல்ல சும்மா போகப் பழகணும்."

"எங்க போகணும்?"

"எங்கயாவது. இந்த ஊர்ல இத்தனை வீடு இருக்கு. ஒரு வீட்டுக்குப் போ. சும்மா வந்தேன்னு சொல்லு. கொஞ்ச நேரம் இருந்துட்டு வா."

"அவ்வளவுதானா?"

"முதல்ல அதைச் செய்."

மறுநாள் சாயங்காலம் குற்றாலிங்கம் புறப்பட்டார். ஒரு வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் துணியை உதறிவிட்டு எழுந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன விசயம்?"

அந்தக் கேள்வியைக் காலமெல்லாம் கேட்டவர் குற்றாலிங்கம்தான். லீவு கேட்டு வருகிறவன், டூட்டி மாற்றிக் கேட்டு வருகிறவன், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறவன், யாராக இருந்தாலும் உட்காருவதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வந்துவிடும். என்ன விசயம்? விசயம் இல்லாமல் அவர் மேசைக்கு எதிரே யாரும் நின்றதில்லை. வீட்டுக்கும் அப்படித்தான் ஆகிப்போயிற்று. இப்போது அது தன்னை நோக்கி வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் தண்ணி குடிக்கலாம்னு" என்றார்.

செம்பில் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன சொன்ன?" என்று சாமி கேட்டார்.

"தண்ணி கேட்டேன்."

"அப்ப தாகம் போயிருக்கு. நீ போகல."

அடுத்த நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வேறொரு வீட்டுக்குப் போனார். உபசாரம் நன்றாக இருந்தது. காப்பி கிடைத்தது.

"பழம் போயிருக்கு" என்றார் சாமி.

அதற்கும் அடுத்த நாள் வெறுங்கையோடு போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"சும்மா வந்தேன்."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அடுக்களைக்குள் போய் அங்கிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு விசயமா யாரும் சொல்லி விட்டாங்களா? அவ இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கா."

"அதெல்லாம் இல்ல."

"இன்சூரன்சா?"

"இல்ல."

"ஓட்டுக் கேக்கவும் இது நாளு இல்லியே. சும்மா சொல்லுங்க அண்ணாச்சி, எதுக்கு வந்தீங்க?"

குற்றாலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. ஏதாவது சொல்லித் தப்பவேண்டுமே. அந்த ஊருக்கு வரும் கடைசிப் பேருந்து நேரத்தை எப்படி மாற்றலாம், மனுவை யாருக்கு எழுதவேண்டும், எப்படி எழுதவேண்டும் என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசிவிட்டு எழுந்தார்.

சாமி முழுவதையும் கேட்டார்.

"புத்தி போயிருக்கு. அது எப்பவும் உனக்கு முந்திக் கெளம்பிரும் போல."

குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அவருக்கு வந்த முதல் கோபம்.

"நான் கேட்டது இருக்கிறதுக்கு சாமி. நீங்க சொல்றது போறதுக்கு."

"யார் வீட்டுக்கும் போகாம, யாரும் வராம ஒருத்தன் கட்டில்ல கெடந்தா அதுக்குப் பேரு இருக்கிறதா?"

"பெறகு?"

"நீயே இப்பச் சொன்னியே. கெடக்கிறது."

அவர் எங்கே சொன்னார், சாமிதான் சொன்னார். ஆனாலும் குற்றாலிங்கம் வாதாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு குளத்துக்கு அந்தப் பக்கம் நடந்தார்.

குளக்கரையில் கடைசி வீடு. வாசலில் ஒருத்தி மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல பெரியவங்க யாரும் இருக்காங்களாம்மா?"

"மாமா இருக்காங்க. அவங்க சும்மாத்தான் இருக்காங்க. உள்ள போங்க."

உள்ளறையில் ஒரு கட்டில். சுவரைப் பார்த்தபடி, மேலுக்குச் சட்டையில்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் என்று பெயர். குற்றாலிங்கத்தைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காலடிச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

"யாரு? என்ன விசயம்? யாரு போயிட்டா?"

"யாரும் போகல."

"சும்மா சொல்லும். தாங்கிக்கிடுவேன்."

"நெசமாவே யாரும் போகல அண்ணாச்சி. சும்மா வந்தேன்."

சொல்லிவிட்டார். தாகம் இல்லை, பழம் இல்லை, புத்தியும் இல்லை. அவர் மட்டும் நின்றார்.

ஆவுடையப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொடியைக் கையால் துழாவினார். ஒரு சட்டை அகப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று மாறிப்போயிற்று. அவிழ்த்து மறுபடி போட்டார். கடைசிப் பொத்தானும் முடிந்த பிறகுதான், "இருங்க" என்றார்.

பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். குளத்தில் தண்ணீர் வந்தது, முழங்காலில் வலி இறங்கியது, ஆவுடையப்பன் இளமையில் போன ஒரு பேருந்து நடுக்காட்டில் நின்று எல்லோரும் இறங்கித் தள்ளியது என்று ஒன்றுக்கும் உதவாத பேச்சு. புறப்படும்போது ஆவுடையப்பன் சொன்னார்:

"இங்க ஆளு வந்தா சாவுச் சேதிதான். கல்யாணம்னா பத்திரிகைய மகங்கிட்டக் குடுத்துட்டு அப்படியே போயிருவாங்க."

மடத்தில் சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்ன?"

"சும்மா வந்தேன்னு சொன்னேன்."

"அவரு?"

"சட்டை போட்டாரு."

சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு மேலப்பொட்டலில் குற்றாலிங்கத்துக்குக் கேள்வி குறைந்தது. வாங்க என்பார்கள். ஒருநாள் உளுந்து புடைக்கிற இடத்தில் உட்காருவார், ஒருநாள் கோழிக்கூட்டுக்குப் பலகை அடிக்கிறவனுக்குப் பலகையைப் பிடித்துக்கொள்வார். காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்துவிட்டு மறுபடி தெருவில் இறங்கியபோது, மிளகாய் வற்றல்காரி வழிமறித்தாள்.

"எங்க போயிட்டீங்க? ரெண்டு நாளா ஆளையே காணோமே."

காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் நடந்தார். வீட்டில் கேமராவில் பார்த்து, அவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார்கள். அவரைக் காணோம் என்று யாரும் சொன்னதில்லை.

தைக்கு முந்தைய வாரம் ஆவுடையப்பனின் மகன் பரமசிவம் மடத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு குற்றாலிங்கத்தைப் பார்த்தான்.

"எங்கப்பாவக் கெடுத்துட்டீங்க."

"என்னப்பா சொல்லுற?"

"காலைல எந்திரிச்சுச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்காரு. அவரு நம்ம வீட்டுக்கு வந்தாருல்ல, நான் திரும்பப் போகணும், அதான் மரியாதைங்காரு. ரோட்டுல கல்லு லாரி போகுது. ரெண்டு தடவ பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். நான் வேலைக்குப் போன நேரம் போய் விழுந்தாருன்னா? நீங்களா வந்து பாப்பீங்க?"

அவன் போன பிறகு குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கன்னத்தில் ஈரத் தரை வந்து ஒட்டிக்கொண்டது. தன் வீட்டில் தனக்கு நடந்ததற்கு இன்னொருவரைப் பழிவாங்குகிறோமா? ஆவுடையப்பன் தன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டையை எடுக்க வைத்தது யார்?

"சாமி, அவரு விழுந்துட்டா?"

"விழலாம்."

"அப்ப கட்டில்லயே இருந்திருந்தா?"

"விழமாட்டாரு."

"பெறகு என்ன சாமி?"

"பெறகு என்ன. விழுறதுன்னாலும் முதல்ல எந்திரிக்கணும்லா."

அது ஆறுதலா, அதட்டலா என்று அவருக்குப் புரியவில்லை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் குமார் வாடகைக் காரில் வந்து இறங்கினான். மடத்து வேப்பமரத்தடியில் அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னப்பா இப்பிடிக் கறுத்துட்டீங்க? ஒரு எடத்துல உக்காந்திருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்."

"வெயில்ல நடந்தேன்."

"சரி, கெளம்புங்க. நாளைக்குக் காலைல ஃபிளைட்டு."

வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மகனின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் சொல் உள்ளே போய்விட்டது. குற்றாலிங்கம் அறைக்குள் போய் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவில் கூச்சல்.

டீக்கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் ஆவுடையப்பன். முழங்கையிலிருந்து ரத்தம் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரோட்டு வளைவுல விழுந்துட்டாரு அண்ணாச்சி" என்றார் டீக்கடைக்காரர், மூச்சு வாங்கியபடி. "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்னா கையப் பிடிச்சுக் கடிக்க வாராரு. இங்கதான் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு."

"ஒத்தக்கால்ல நின்னா ஏன்வே விழப்போறேன்?" என்றார் ஆவுடையப்பன்.

குற்றாலிங்கம் பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"என்ன அண்ணாச்சி இது? அப்பிடி என்ன விசயம்?"

ஆவுடையப்பன் கிழிந்த சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"விசயம் ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

குமார் காருக்குப் போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தான். மண்டியிட்டு அந்த முழங்கையைக் கழுவினான், துடைத்தான், பஞ்சு வைத்துக் கட்டினான். ஆவுடையப்பன் அவன் தலைக்கு மேலாகச் சாமியிடம், மழை உண்டா இன்னிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குமார் எழுந்தான்.

"பாத்தீங்களாப்பா? இதுக்குத்தான் சும்மா இருங்க, சும்மா இருங்கன்னு அடிச்சுக்கிடுதேன். ராத்திரி தலமாட்டுல ஃபோன வச்சுக்கிட்டுத்தான் படுக்கேன். நீங்க குளிக்க உள்ள போய் வெளிய வாறவரைக்கும் எனக்கு மூச்சு வராது."

"தெரியும்டா."

"தெரிஞ்சா வாங்க."

"நான் வரல குமாரு."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் நாற்காலியைத் தூக்கி வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வராம? இந்த மடத்துலயே இருக்கப்போறீங்களா?"

"இல்ல. நம்ம வீட்டுக்குப் போறேன். அந்தத் தெருவுல இத்தனை வருசமா இருக்கேன், எதிர்த்த வீட்டுக்காரரு பேரு எனக்குத் தெரியாது. போய்க் கேக்கணும்."

"விழுந்தா?"

"விழுவேன்."

"யாரு தூக்குவா?"

அந்த நாலு பேரும் மடத்துக் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். குற்றாலிங்கம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குமார் சாமியிடம் திரும்பினான்.

"நீங்களாவது சொல்லுங்க சாமி. சும்மா இருக்கக் கத்துக்கிடணும்னுதான உங்ககிட்ட வந்தாரு? கத்துக் குடுத்தீங்களா இல்லியா?"

"அதுக்கு அவருக்கு இன்னும் வயசு வரல தம்பி. எனக்கே வரல."

"வெளையாடாதீங்க சாமி. லீவு போட்டுட்டு அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கேன்."

"தெரியும். என்ன விசயமா வந்த?"

"அப்பாவக் கூட்டிட்டுப் போக."

"அதுக்கு முந்தி எப்ப வந்த?"

"விழுந்தப்ப."

"அதுக்கும் முந்தி?"

குமார் அப்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அம்மா காரியத்துக்கு."

சாமி எழுந்து, அவன் கையிலிருந்த மருந்துப் பெட்டியை மெல்ல வாங்கி மூடி, திரும்ப அவன் கையிலேயே வைத்தார்.

"அடுத்த தடவை சும்மா வா."